தேயிலைக் கட்டையில் ஐரிஷ் சண்டைக்கம்பு: வெட்டுவதும் உலர்த்துவதும் பிடிப்பதும்

ஐரிஷ் சண்டைக்கம்பு ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கிற தம்பிமாருக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான். எடுப்பிக்க வேண்டாம், நம்ம இலங்கை மலையகத்திலேயே செய்யலாம், கடையில் விற்கிற பல கம்புகளைவிட நல்லதாகவே செய்யலாம். தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டையும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்புப் புகையும் இந்த வேலைக்கு அவ்வளவு பொருந்தி வருகின்றன. வேலையும் அப்படிக் கஷ்டமில்லை. ஆனால் மரம் காய்கிற வரைக்கும் கத்தியைத் தொடாமல் இருக்க வேண்டும், அதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இன்றைக்குப் பச்சைக் கட்டையை வெட்டி, நாளைக்குச் சீவி, அடுத்த கிழமை வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள், இரண்டு மாதத்தில் அது நெடுக வெடித்து விறகுக் கட்டோடு போய்ச் சேருகிறது.

முதலில் இது என்ன சண்டை என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்பின் நீளம், தடிப்பு, தலைக்குமிழ் எல்லாம் அந்தச் சண்டையிலிருந்துதான் வருகின்றன. அயர்லாந்தில் இந்தக் கலைக்கு பாட்டரக்ட் என்று பெயர். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே சந்தை, திருவிழா, குதிரைப் பந்தயம் என்று சனம் கூடுகிற இடமெல்லாம் இரண்டு குடும்பக் கட்சிகளோ இரண்டு ஊர்க் கட்சிகளோ கம்போடு மோதிக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஒருவன் தன் கோட்டைக் கழற்றி மண்ணில் இழுத்துக்கொண்டே நடப்பான், துணிவு இருக்கிறவன் மிதிக்கட்டும் என்று. மிதித்தால் சண்டை தொடங்கிவிடும். டப்ளினில் 1204இலிருந்து நடந்து வந்த டொனிபுரூக் சந்தை குடிக்கும் அடிதடிக்கும் பேர்போய், கடைசியில் 1855இல் மூடப்பட்டது. காரவட், ஷானவெஸ்ட் என்று இரண்டு கட்சிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு மாவட்டங்களைக் கலக்கின, ஒருபக்கம் காணி இல்லாத ஏழைகள், மறுபக்கம் கொஞ்சம் வசதியான விவசாயிகள், ஆகவே அதற்கு அடியில் கூலியும் குத்தகையும் இருந்தன என்பதை நம்ம ஆட்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1834 ஜூன் 24ஆம் திகதி கெரி மாவட்டத்துப் பாலியா கடற்கரையில் ஆயிரக்கணக்கான ஆட்கள் மோதி, அடிபட்டும் ஆற்றில் மூழ்கியும் இருபது பேரளவில் செத்துப்போனார்கள். பாதிரிமார் எதிர்த்தார்கள், பொலிஸ் வந்தது, 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் கிராமங்களையே காலியாக்கியது, அதோடு இந்தக் கூட்டச் சண்டைகள் ஓய்ந்துபோயின. கலை மட்டும் சில குடும்பங்களில் தங்கியது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குக் குடிபெயர்ந்த டோயில் குடும்பத்தார் தங்கள் வழிமுறையைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்து இப்போது வெளியாட்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம்ம பக்கம் கோயில் திருவிழாவில் கம்பு சுற்றுகிறவர்களுக்கு இதில் உடனே படுகிற வித்தியாசம் நீளம். சிலம்பக் கம்பு நெற்றி உயரம் வரும், இரண்டு பக்கமும் ஒரே தடிப்பு, அதன் உயிரே சுழற்சியில்தான் இருக்கிறது. ஐரிஷ் கம்பு இடுப்பளவுக்குக் கொஞ்சம் கூட, ஒரு முனையில் குமிழ், சுழற்சி குறைவு, வெட்டி இழுக்கிற அடிதான் அதிகம். லயத்து வாசலில் நெடுங்கம்பு சுற்ற இடம் எங்கே இருக்கிறது? ஒரு வீச்சில் கூரைத் தகரத்திலோ பக்கத்து வீட்டு ஜன்னலிலோ பட்டுவிடும். குட்டைக் கம்புக்கு அந்த வாசல் தாராளம்.

எந்த மரம், எங்கே

அயர்லாந்தில் முதலிடம் பிளாக்தோர்னுக்கு. அது பிளம்ஸ் இனத்து முட்புதர், மெதுவாக வளர்வதால் மரம் நெருக்கமாகவும் பாரமாகவும் இருக்கும், பட்டை கறுப்பு, முள் சீவிய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக நிற்கும். ஐரிஷ் படைப்பிரிவுகளின் அதிகாரிகள் இன்றைக்கும் பிளாக்தோர்ன் தடி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓக், ஆஷ், ஹோலி மரங்களிலும் அந்த நாளில் கம்பு செய்தார்கள், கையில் கிடைத்த மரத்தில் எது பாரமாகவும் முறியாமலும் இருந்ததோ அதை எடுத்தார்கள். நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

நம்ம மலையில் அந்த இடம் தேயிலைக்குத்தான் என்பது என் கட்சி. கொழுந்து பறிக்கிற மலையில் இடுப்பளவில் நிற்பதைப் பார்த்துப் பழகி அது செடி என்றே நினைத்துவிடுகிறோம், வெட்டாமல் விட்டால் தேயிலை இருபதடிக்கு மேல் வளர்கிற மரம். கவ்வாத்து வெட்டி வெட்டி அமுக்கி வைத்திருப்பதால் அடிக்கட்டை மட்டும் வருடக்கணக்காகப் பருத்து இறுகிப்போகிறது. அந்த அடிக்கட்டையும் வேரும் சேருகிற இடத்தைப் பிளந்து பார்த்தால் மரநரம்பு ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடக்கும், கோடரியே திணறும். தலைக்குமிழுக்கு அதைவிட நல்ல மரம் நான் பார்த்ததில்லை.

பறிக்கிற மலையில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே செடியின் நேரான பகுதி இரண்டடிக்கு மேல் கிடைக்காது, அதற்கு மேலே வருவதெல்லாம் கவ்வாத்து மிலாறு, அடுப்புக்கு நல்லது, கம்புக்கு மெல்லிசு. முழு நீளக் கம்பு வேண்டுமென்றால் கைவிட்டுக் காடாய்ப் போன பழைய தேயிலை மலையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஆள் கை படாத இடத்தில் அடியிலிருந்து ஒன்றிரண்டு தண்டு வெளிச்சம் தேடி நேராக எழும்பியிருக்கும். கான் (வடிகால்) ஓரத்திலும் கல் இடுக்கிலும் விதை விழுந்து தானாக முளைத்த கன்றுகளும் அப்படித்தான், மெல்லிய ஆணிவேரோடு நேராக வரும். விதைத் தேயிலையைத்தான் தேடுங்கள். பதியன் குச்சியிலிருந்து வந்த வீ.பி. தேயிலைக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேர்தான், குமிழ் சரியாக அமையாது.

மறுநடுகைக்காகப் பழைய மலையைப் பிடுங்கிக் குவாத்தமாலா புல்லோ மானாப்புல்லோ போடப் போகிறார்கள் என்றால் அதுதான் உங்கள் நேரம், நூற்றுக்கணக்கான கட்டை சும்மா குவிந்து கிடக்கும். கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ஆனால் நோய் வந்து பிடுங்கிய திட்டுகளில் கை வைக்காதீர்கள். போரியா என்ற வேரழுகல் பிடித்த செடிகளை அந்த இடத்திலேயே எரிக்கச் சொல்வது காரணத்தோடுதான், நோய் வேரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த மலைக்கும் உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் போகும். வேரின் மேல் சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்தது, தண்டில் பென்சில் கூர் அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்டி, கம்பளை போன்ற நடுமலைப் பகுதிகளில் தேயிலைத் தண்டைத் துளைக்கிற சின்ன வண்டு நிறைய. வெளியே ஓர் ஓட்டைதான் தெரியும், உள்ளே வளையமாகக் குடைந்திருக்கும், சண்டையில் சரியாக அந்த இடத்தில்தான் முறியும்.

தேயிலை கிடைக்காவிட்டால் கொய்யா. மண்வெட்டிப் பிடிக்கு நம்ம பெரியவர்கள் கொய்யாவைத் தேடியது அதன் முறியாத குணத்துக்காக. பழைய கோப்பி மரமும் நல்லது, அதன் நிமிர்ந்த தண்டில் கிளைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வருவதால் வெட்டிய அடிகள் வரிசையான முடிச்சுகளாக நின்று பிளாக்தோர்ன் மாதிரியே தெரியும். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் வீட்டு வளவில் பிளம்ஸ் மரம் இருந்தால் அது பிளாக்தோர்னின் சொந்தக்காரன், ஆனால் மெதுவாகத்தான் உலர வேண்டும், வெடிக்கிற குணம் கொஞ்சம் கூட. சவுக்கு என்று நம்ம பக்கம் சொல்கிற கிரெவிலியா, அல்பீசியா இரண்டும் வேண்டாம், பாரமும் இல்லை பலமும் இல்லை. டர்பன்டைன் மரம் காயும்போது முறுகி உங்கள் வேலையைக் கெடுத்துவிடும். ஹோர்ட்டன் சமவெளியிலும் சிவனொளிபாதமலைக் காட்டிலும் ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது, அது சட்டம், அதோடு அங்கே நிற்கிற மரங்கள் ஓரங்குலம் பருக்க எத்தனை வருடம் எடுத்திருக்கும் என்று யோசித்தாலே கை போகாது.

வெட்டுகிற காலமும் விதமும்

ஐரிஷ்காரர்கள் குளிர்காலத்தில், மரத்தில் நீரோட்டம் அடங்கியிருக்கும்போது வெட்டுவார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லை, ஆகவே வரட்சியைப் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கச்சான் காற்று வீசுகிற ஜூலை, ஆகஸ்ட். மே மாத மழையில் நுவரெலியாவில் வெட்டிய கம்பு காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கம்பை வெட்டாதீர்கள், தோண்டுங்கள். அடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை எடுத்து, அலவாங்கால் நெம்பி, பக்கவேர்களைக் கத்தியால் நறுக்கி, ஆணிவேரை அடிக்கட்டைக்கு ஐந்தாறு அங்குலம் கீழே அறுத்தெடுங்கள். தோண்டுவதற்கு முன் புதருக்குள் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காடாய்ப் போன மலையில் குளவிக்கூடு எங்கே தொங்கும் என்று சொல்ல முடியாது, குளவி கொட்டி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். தனியாகப் போக வேண்டாம்.

அளவு விஷயத்தில் தாராளமாக இருங்கள். முடித்த கம்பு 36 தொடக்கம் 40 அங்குலம் வர வேண்டும் என்றால் 48 அங்குலமாவது வெட்டுங்கள், முனைகள் கொஞ்சம் வெடித்து வீணாகும். நடுத் தடிப்பு பச்சையில் ஒன்றேகால் அங்குலம் இருந்தால் காய்ந்து, தேய்த்து ஓரங்குலத்துக்கு வரும். பக்கக் கிளைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல் ஓரங்குலம் விட்டு வெட்டுங்கள், கிளையடியில் தொடங்குகிற வெடிப்பு அந்த ஓரங்குலத்தோடு நின்றுவிடும், தண்டுக்குள் இறங்காது. பட்டையை உரிக்கவே கூடாது.

உலர்த்துவது

வேலையின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பச்சைக் கம்பு ஏன் வெடிக்கிறது? மரத்துக்குள் நீர் நெடுக ஓடுகிற குழாய்கள் வெட்டிய முனைகளில் திறந்து கிடக்கின்றன, அங்கிருந்து ஈரம் வேகமாக வெளியேறுகிறது. பட்டை இருக்கிற பக்கங்களில் மெதுவாகத்தான் போகிறது. முதலில் காய்ந்த பகுதி சுருங்கப் பார்க்கும், ஈரமான உட்பகுதி சுருங்க விடாது, இந்த இழுபறியில் மரம் கிழிகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது ஈரம் எல்லாப் பக்கமும் ஒரே நிதானத்தில் வெளியேறும்படி பார்த்துக்கொள்வது. வெட்டிய அன்றைக்கே, பின்னேரத்துக்குத் தள்ளிப் போடாமல், இரண்டு முனைகளையும் கிளை வெட்டிய இடங்களையும் உருக்கிய மெழுகுதிரியில் தோய்த்து மூடுங்கள். மிச்சம் கிடக்கிற பெயின்ட் தடிப்பாகப் பூசினாலும் சரிதான். வேர்க்கட்டை முழுவதுக்கும் பூசுங்கள், அதில் பட்டை மெல்லிசு, முதலில் வெடிப்பது அதுதான்.

பிறகு நாலைந்து கம்புகளைச் சேர்த்து நேரான ஒரு பலகையோடு மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டி, காற்றோட்டமான நிழலில் படுக்கையாக வையுங்கள். இஸ்தோப்பின் கூரைக்கு அடியில் வைக்கலாம், ஆனால் தகரத்தில் முட்டாமல் ஒரு முழமாவது கீழே இருக்கட்டும், மத்தியானச் சூட்டில் தகரம் கொதிக்கும். வெட்டிய திகதியை ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டுங்கள். நாலைந்து மாதம் அப்படியே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு அடுப்பு. ஐரிஷ் வீடுகளில் கம்புக்கு வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ பூசிப் புகைபோக்கிக்குள் மாதக்கணக்காகத் தொங்கவிடுவார்கள். கொழுப்பு ஈரம் வெளியேறுவதை நிதானமாக்கும், கரி ஏறிப் பட்டை கறுக்கும், புகை பூச்சிகளை அண்டவிடாது. சாணக்குவியலில் புதைத்து வைத்தவர்களும் உண்டு. நம்ம லயத்துக் குசினியில் அடுப்புக்கு மேலே விறகு காயப்போடுகிற பரண் இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் தேட வேண்டாம். நேரே நெருப்புக்கு மேலே வைக்காதீர்கள், ஓரமாக, கையை வைத்தால் இளஞ்சூடு மட்டும் தெரிகிற இடத்தில் வையுங்கள். பன்றிக்கொழுப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவினால் போதும். மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டு, பழைய துணியால் துடைத்து, மறுபடி தடவுங்கள். கேஸ் அடுப்புக்கு மாறிய வீட்டில் இருப்பவர்கள் விறகடுப்பு வைத்திருக்கிற அப்பாயியிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டு வைக்கலாம், கம்பு பரணில் கிடப்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தேயிலை பெக்டரியில் ட்ரையருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கிழமையில் உலர்த்திவிடலாமே என்று யோசிக்கிறவர்களுக்கு: முடியாது, ஒரு கிழமையில் வெளிப்புறம் மட்டும் காய்ந்து நெடுகப் பிளக்கும்.

எவ்வளவு காலம்? ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், குமிழ் தடிப்பாக இருப்பதால் ஒன்றரை வருடம் என்றால் நிம்மதி. இடத்தைப் பொறுத்தும் மாறும். பதுளையில் காய்கிற வேகத்தில் ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் காயாது, அங்கே பாதி நாள் மூடுபனி. கணக்குப் பார்ப்பதைவிட நிறுத்துப் பார்ப்பது நல்லது: மாதம் ஒருமுறை கடைத் தராசில் கம்பை நிறுத்து அதே ஒட்டுத்தாளில் எழுதுங்கள், இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து நிறை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது. தட்டினாலும் தெரியும், ஈரக் கம்பு மொத்தென்று கேட்கும், காய்ந்தது கணீரென்று கேட்கும்.

நிமிர்த்தி, சீவி, எண்ணெய் ஏற்றுவது

காய்ந்த கம்பில் வளைவு இருந்தால் நீராவியில் நிமிர்த்தலாம். ஒரு பக்கம் துணியால் அடைத்த இரும்புக் குழாய், மறுபக்கம் கொதிக்கிற கேத்தலின் வாயோடு இணைத்தது, அதற்குள் கம்பை ஒரு மணித்தியாலம் அளவில் வைத்து எடுங்கள். நீராவி வெளியேற ஒரு சின்ன இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும், முழுக்க அடைத்தால் வெடிக்கும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, வெளியே எடுத்த உடனே முழங்காலில் வைத்து வளைவுக்கு எதிர்ப்பக்கமாக, நேர்க்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடவே அழுத்துங்கள், விட்டால் கொஞ்சம் திரும்பி வந்து சரியாக நிற்கும். அப்படியே பலகையோடு கட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள். முழுக்க நேராக்க வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள், குமிழும் முனையும் ஒரே கோட்டில் இருந்தால் நடுவில் ஒரு சின்ன நெளிவு இருப்பது அழகுதான்.

இனித்தான் கத்தி. கிளையடிகளைத் தண்டு மட்டத்திலிருந்து ஒரு நெல்லளவு மேலே விட்டுச் சீவி, அரத்தால் விளிம்பை மழுக்குங்கள். கையால் பிடிக்கப் போகிற இடத்தில் மட்டும் முழுக்க மட்டமாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கை புண்ணாகும். பட்டையைத் தண்டில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தேயிலைப் பட்டை மெல்லிசு, புகையில் கறுத்துச் சாம்பல் திட்டுகளோடு நிற்கும், உரிந்து வருகிற இடங்களில் மட்டும் சுரண்டிவிடுங்கள். வேர்க்குமிழைப் பட்டை நீக்கி, ஒன்றரை தொடக்கம் இரண்டு அங்குல விட்டத்துக்கு உருட்டிச் செதுக்குங்கள். அங்கே மரநரம்பு நாலு திசையிலும் ஓடுவதால் கத்தி பிடித்து இழுக்கும், ஆகவே கத்தியால் பருமட்டாக எடுத்துவிட்டு அரத்தாலும் சாண்ட் பேப்பராலும் முடிப்பது நல்லது. குமிழைத் துளைத்து ஈயம் ஊற்றுகிற வழக்கம் அயர்லாந்தில் இருந்தது. அதைச் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட கம்பு ஒரே அடியில் மண்டையை உடைக்கும், நாம் ஒரு கலையைப் படிக்க வந்தவர்கள்.

முடித்த கம்பு 450 தொடக்கம் 600 கிராமுக்குள் இருந்தால் கைக்கு நல்லது. அதற்கு மேல் போனால் மணிக்கட்டு சீக்கிரம் களைத்துவிடும், குமிழை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். எண்ணெய்க்கு இந்தக் கட்டத்தில் தேங்காய் எண்ணெய் சரிவராது, அது மரத்துக்குள் காய்ந்து இறுகாது, பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். ஹார்ட்வெயார் கடையில் லின்சீட் எண்ணெய் கேட்டு வாங்குங்கள். துணியில் நனைத்து மெல்லிசாகத் தேய்த்து, அரை மணித்தியாலம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும், ஐந்தாறு தடவை. தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். மண்ணில் ஊன்றுகிற முனைக்குப் பித்தளைப் பூண் ஒன்று போடுங்கள், பைப் வேலை செய்கிறவரிடம் துண்டுச் செப்புக் குழாய் கிடைத்தாலும் போதும்.

பிடிப்பதும் அடிப்பதும்

குமிழ் மேலே, மெல்லிய முனை கீழே. கீழ் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை விட்டுப் பிடியுங்கள். சிலம்பம் பழகியவர்களுக்கும் கிரிக்கெட் மட்டை பிடித்தவர்களுக்கும் முதலில் கை தானாக முனைக்கே போகும், அதை மாற்றிக்கொள்ளத்தான் கொஞ்ச நாள் எடுக்கும். கைக்குக் கீழே நிற்கிற அந்த ஓரடி எதற்கு என்றால், கையை உயர்த்தும்போது அது முழங்கையின் வெளிப்புறத்தோடு ஒட்டி நின்று முன்கையைக் காக்கும். எதிராளி நெருங்கி வந்துவிட்டால் அதே துண்டால் குத்தலாம், அவன் கம்பைக் கொக்கி போட்டுத் தள்ளலாம். பெருவிரலைக் கம்பின் நெடுக வைத்துப் பிடித்தால் கம்பின் போக்கு விரலுக்குத் தெரியும், ஆனால் பலமான அடியில் விரல் சுளுக்கும், ஆகவே தொடக்கத்தில் சுற்றிப் பிடித்துப் பழகிவிட்டுப் பிறகு மாற்றிப் பாருங்கள்.

கம்புக் கை தலைக்குச் சற்று மேலே, கம்பு நெற்றிக்கு முன்னால் சாய்ந்து நிற்கட்டும். மற்றக் கை நெஞ்சுக்கு முன்னால், குத்துச்சண்டைக்காரன் வைத்திருப்பதுபோல. அந்தக் கையைச் சும்மா தொங்கவிடக் கூடாது, வருகிற அடியைத் தட்டிவிடுவதும் எதிராளியின் மணிக்கட்டைப் பிடிப்பதும் அதன் வேலை. கோட்டை அந்தக் கையில் சுற்றிக்கொண்டு கேடயமாகப் பாவித்தவர்களும் உண்டு. டோயில் குடும்ப வழியில் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குத்துச்சண்டை அடவுகளோடு ஆடுவார்கள், அது வேறு பாடம், ஒரு கைப் பிடி கை வந்த பிறகு பாருங்கள்.

அடி மணிக்கட்டிலிருந்து தொடங்க வேண்டும். பழைய லொறி டயர் ஒன்றைக் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தோளை ஆட்டாமல், மணிக்கட்டை மட்டும் சொடுக்கி, குமிழ் டயரில் பட்ட உடனே திரும்பி இழுத்துப் பழகுங்கள். வலது கன்னப்பொறி, இடது கன்னப்பொறி, உச்சி, மணிக்கட்டு, முழங்கால், இந்த ஐந்து இடங்களையும் டயரில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளலாம். அடித்த கம்பு அந்த இடத்திலேயே நின்றால் எதிராளி அதைப் பிடித்துவிடுவான், ஆகவே போகிற வேகத்தைவிடத் திரும்புகிற வேகம் முக்கியம். சிலம்ப வாத்தியாரிடம் காலடி வரிசை படித்தவர்களுக்கு இங்கே நல்ல உதவி இருக்கிறது: எதிராளியின் நேர்க்கோட்டிலிருந்து அரையடி விலகி முன்னே ஏறுகிற அந்தக் கால், அப்படியே இங்கே செல்லும். பின்னால் பின்னால் போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நம்ம வாசலில் பின்னால் போனால் கான்தான்.

தடுப்பது என்றால் கம்பைக் குறுக்கே பிடித்து அடியை வாங்குவது என்று நினைப்பார்கள். அப்படி நேராக வாங்கினால் விரல் நசுங்கும். கம்பைச் சாய்வாக, குமிழ் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டுப் பிடித்தால் வருகிற அடி கம்பு வழியே வழுக்கி வெளியே போய்விடும், அதே அசைவில் உங்கள் குமிழ் சுற்றி வந்து அவன் பக்கவாட்டில் இறங்கும். இந்த ஓர் அசைவைச் சோடியாக நின்று, மெதுவாக, ஒருவர் அடிக்க ஒருவர் வழுக்கவிட, வேகம் கூட்டாமல் மாதக்கணக்காகச் செய்யுங்கள். இது கை வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

சோடிப் பயிற்சிக்குத் தேயிலைக் கம்பை எடுக்கவே கூடாது. பிரம்பு எடுங்கள், ஓரங்குலத்துக்குக் குறைந்த தடிப்பில். பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரியும், கூரான சிலும்பாக முறியாது, எலும்பையும் அவ்வளவு சுலபமாக உடைக்காது. மெதுவான பயிற்சிக்குக் கிரிக்கெட் ஹெல்மெட்டும் பேட்டிங் கையுறையும் முழங்கைப் பட்டையும் போதும், எங்கள் பக்கத்துப் பொடியன்களிடம் அவை எப்படியும் இருக்கும். ஆனால் ஹெல்மெட் கம்பிகளுக்கு இடையில் மெல்லிய பிரம்பு நுழைந்துவிடும், ஆகவே முகத்துக்குக் குத்துகிற அடவு எதுவும் இல்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வேகமாக ஆட வேண்டுமென்றால் வலை முகமூடி தேடி வாங்கத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால் வரிசையும் டயரும் மட்டும் போதும். குடித்துவிட்டு வருகிற ஆளுக்கு, அவர் எவ்வளவு பெரிய கம்புக்காரராக இருந்தாலும், கையில் பிரம்பு கொடுக்காதீர்கள்.

கம்பை வைத்துக்கொள்வது

சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். இரண்டு ஆணியில் படுக்கையாக வையுங்கள், அல்லது குமிழுக்குக் கீழே கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள். மழை மாதங்களில் பட்டையில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும், உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நாள் அடுப்புப் பரணுக்கு அனுப்பினால் போய்விடும். வருடம் ஒருமுறை லின்சீட் எண்ணெய். கம்பைச் சுற்றி மெல்லிய மாவு விழுந்திருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, மற்றக் கம்புகளிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

டயரில் அடிக்கும்போது சத்தம் மாறி அடைத்த குரலில் கேட்டால் நிறுத்திவிட்டு வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். நெடுக ஓடுகிற மயிரிழை வெடிப்பு பரவாயில்லை, மெழுகு விட்டு அடைக்கலாம். குறுக்காகக் கோடு தெரிந்தால் அந்தக் கம்பு முடிந்தது, இன்னோர் அடிக்கு அது தாங்காது, முறிந்த துண்டு யார் முகத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது. குமிழ்ப் பக்கம் நன்றாக இருந்தால் வெடிப்புக்கு மேலே அறுத்து, முனையை மழுக்கி, பூண் மாற்றிப் போட்டு ஒன்றரை அடிக் குட்டைக் கம்பாக வைத்துக்கொள்ளலாம், ஐரிஷ்காரர்கள் கிப்பீன் என்று அப்படி ஒரு குட்டைக் கம்பும் வைத்திருந்தார்கள்.